ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்: பினாங்கு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிறையில் ஓர் இரும்புப் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்தேன். இப்போது பட்டர்வொர்த்தில் சனி, ஞாயிறுகளில் டிப்ளோமா மாணவர்களுக்கும் டிகிரி முதலாண்டு மாணவர்களுக்கும் ஒரு பொருள் எவ்வளவு சுமை தாங்கும், எவ்வளவு வளையும் என்று பார்க்கும் இந்தப் பாடத்தைச் சொல்லித் தருகிறேன். வருகிற பிள்ளைகளில் பலர் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை தமிழில் படித்தவர்கள். இடைநிலைப் பள்ளியில் தெகாசான், தெரிக்கான் என்று மலாயில் கேட்டு, கல்லூரியில் ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெய்ன் என்று ஆங்கிலத்தில் திரும்பக் கேட்கிறார்கள். பெயர் மூன்று மொழியில் தெரிகிறது, பொருள் ஒன்றிலும் பிடிபடவில்லை. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

ஸ்ட்ரெஸ்ஸும் பிரஷரும் ஒன்றுதானே? இரண்டுக்கும் யூனிட் பாஸ்கல்தானே?

யூனிட் ஒன்றுதான், ஆனால் இரண்டும் வேறு. பிரஷர் வெளியிலிருந்து ஒரு பரப்பின் மேல் நேராக அழுத்துவது. ஸ்ட்ரெஸ், தமிழில் தகைவு, பொருளுக்கு உள்ளே இருப்பது. அது அழுத்தமாக இருக்கலாம், இழுப்பாக இருக்கலாம், பரப்போடு ஒட்டி வழுக்கப் பார்ப்பதாகவும் இருக்கலாம்.

கயிறு இழுக்கும் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் 2,000 நியூட்டன் இழுக்கிறார்கள், கயிறு நகரவில்லை. நடுவில் ஓர் இடத்தில் மனத்தாலேயே கயிற்றை வெட்டுங்கள். இந்தத் துண்டையும் அந்தத் துண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது எது? அந்த வெட்டுப் பரப்பில் இருக்கும் உள்விசைதான். அதைப் பரப்பால் வகுத்தால் தகைவு. அங்கே உள்விசை எவ்வளவு என்று கேட்டால் வகுப்பில் பாதிப் பேர் 4,000 என்கிறார்கள். 2,000தான். ஒரு பக்கத் துண்டை மட்டும் வரைந்து, அது நகராமல் நிற்க எவ்வளவு வேண்டும் என்று பார்த்தால் உடனே தெரியும். 'மனத்தால் வெட்டிப் பார்' என்கிற இந்த ஒரு வேலைதான் பாடம் முழுக்க வரப்போகிறது. 1822இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் கோஷி தகைவுக்குத் தெளிவான வடிவம் கொடுத்ததும் இப்படி வெட்டிப் பார்த்துத்தான்.

ஒரு கணக்கு. 12 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் கம்பி ஒன்றில் 2 டன் தொங்குகிறது. விசை 19,620 நியூட்டன். கம்பியின் குறுக்குப் பரப்பு 113 சதுர மி.மீ. வகுத்தால் சுமார் 174 மெகாபாஸ்கல். ஒரு மெகாபாஸ்கல் என்பது ஒரு சதுர மி.மீட்டருக்கு ஒரு நியூட்டன். இதை மட்டும் நெட்டுரு போட்டாலும் தப்பில்லை.

அப்படியானால் ஸ்ட்ரெய்ன்?

எவ்வளவு நீண்டது என்பதை முதலில் இருந்த நீளத்தால் வகுத்தால் ஸ்ட்ரெய்ன், அதாவது திரிபு. யூனிட் கிடையாது. மேலே சொன்ன கம்பி 3 மீட்டர் நீளம் என்றால் சுமார் 2.6 மி.மீ. நீளும், திரிபு 0.00087. கண்ணுக்குத் தெரியாத அளவு.

எஃகு அலுமினியத்தைவிட 'ஸ்ட்ராங்' என்றால் குறைவாக வளையும் என்றுதானே அர்த்தம்?

இந்த இடத்தில்தான் கொஞ்சம் உட்கார வேண்டும். நான் திருத்தும் விடைத்தாள்களில் வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்தக் குழப்பத்திலிருந்துதான் வருகின்றன.

வலிமை வேறு, விறைப்பு வேறு. வலிமை என்றால் எவ்வளவு தகைவு வரை தாங்கும், எங்கே நிரந்தரமாக உருமாறும், எங்கே அறுந்து போகும் என்பது. விறைப்பு என்றால் ஒரு குறிப்பிட்ட தகைவுக்கு எவ்வளவு கொடுத்துப் போகும் என்பது. விறைப்பைச் சொல்லும் எண்தான் யங் குணகம். எஃகுக்கு அது சுமார் 200 கிகாபாஸ்கல் (ஒரு கிகா என்றால் ஆயிரம் மெகா), அலுமினியத்துக்கு சுமார் 70. முதல் கணக்கின் அதே கம்பியை அலுமினியத்தில் செய்தால் தகைவு மாறாது, அதே 174தான். விசையும் பரப்பும் மாறவில்லையே. ஆனால் நீட்சி 2.6 மி.மீட்டரிலிருந்து 7.4 மி.மீட்டராகிவிடும்.

இப்போது கவனியுங்கள். சாதாரணக் கட்டுமான எஃகு சுமார் 250 மெகாபாஸ்கலில் இளகத் தொடங்கும், அதாவது நிரந்தரமாக உருமாறத் தொடங்கும். விமானத்துக்குப் பயன்படும் சில அலுமினியக் கலவைகள் 450க்கு மேலும் தாங்கும். அந்த அலுமினியம் இந்த எஃகைவிட வலிமையானது, ஆனால் விறைப்பில் மூன்றில் ஒரு பங்குதான். இன்னொன்று: விலை கூடின உயர்வகை எஃகு வாங்கினாலும் யங் குணகம் அதே 200தான். கலவை மாறினால் வலிமை ஏறுகிறது, விறைப்பு கிட்டத்தட்ட அசைவதே இல்லை. பட்டறைக்கு ஒருவர் வந்தார். அவருடைய மேல்தளம் நடக்கும்போது அதிர்கிறது, உயர்ந்த ரக எஃகில் உத்தரம் போட்டுத் தாருங்கள் என்றார். அதே அளவு உத்தரம் போட்டிருந்தால் காசு போயிருக்கும், அதிர்வு அப்படியே இருந்திருக்கும். அவருக்கு வேண்டியது ஆழமான உத்தரம்.

கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தையும் இப்படிப் பார்க்கலாம். 452 மீட்டர் உயரக் கட்டடத்தின் தூண்களையும் நடுமையத்தையும் எஃகுச் சட்டகமாக எழுப்பாமல் உயர்வலிமைக் காங்கிரீட்டில், 80 மெகாபாஸ்கல் ரகம் வரை பயன்படுத்தி எழுப்பினார்கள். எஃகை இறக்குமதி செய்யும் செலவு ஒரு காரணம், இங்குள்ளவர்களுக்குக் காங்கிரீட் பழக்கமானது என்பது இன்னொன்று. கூடவே, கனமான காங்கிரீட் கட்டடம் காற்றில் ஆடுவது குறைவு. உடையாமல் இருந்தால் மட்டும் போதாது, மேல்தளத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தலை சுற்றவும் கூடாது அல்லவா?

லேபில் கம்பியை இழுத்தோம். கடைசியில் தகைவு-திரிபு வரைபடம் ஏன் கீழே இறங்குகிறது? அறுகிற நேரத்தில் பொருள் பலவீனமாகிவிட்டதா?

நல்ல கேள்வி. இழுவைச் சோதனையை அடுத்த முறை கிட்டப் போய்ப் பாருங்கள், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. முதலில் ஒன்றும் நடக்காதது போல இருக்கும், முள் மட்டும் நேர்கோட்டில் ஏறும். இந்தப் பகுதியில் விசையை எடுத்துவிட்டால் கம்பி பழைய நீளத்துக்கே திரும்பும். 1678இல் ஹூக் வெளியிட்ட விதி இதுதான்: இழுப்பு எவ்வளவோ, நீட்சி அவ்வளவு. பிறகு திடீரென்று முள் தயங்கும், விசை ஏறாமலே கம்பி நீளும். அதுதான் ஈல்ட், இளகும் இடம். சூடாக உருட்டிச் செய்து, மேலே கருப்பு ஓடு ஒட்டியிருக்கும் கம்பி என்றால், இந்த நேரத்தில் ஓடு பொடிப்பொடியாக உதிரும். அப்புறம் மறுபடி ஏறும், உச்சத்தைத் தொடும், ஓரிடத்தில் மட்டும் இடுப்பு ஒடுங்கும். 'டப்' என்று அறும். அறுந்த முனையைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். ஒரு முனை கிண்ணம் போலவும் மறு முனை கூம்பு போலவும் இருக்கும்.

வரைபடம் இறங்குவதற்குக் காரணம் நம் கணக்குதான். நாம் கடைசி வரைக்கும் ஆரம்பப் பரப்பாலேயே வகுத்துக்கொண்டிருக்கிறோம். இடுப்பு ஒடுங்கிய இடத்தில் உண்மையான பரப்பு சுருங்கிக்கொண்டே போகிறது. அந்தப் பரப்பால் வகுத்துப் பார்த்தால் தகைவு அறும் வரை ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

வார்ப்பிரும்பைப் போட்டு இழுத்தால் இதில் எதுவும் நடக்காது. இடுப்பும் ஒடுங்காது, முன்னறிவிப்பும் கிடையாது, தட்டையாக ஒடியும். கட்டடத்துக்கு இழுபடும் பொருளை நாம் விரும்புவது இதனால்தான். அது விழும் முன் வளைந்து காட்டும், உள்ளே இருப்பவர்கள் ஓடி வெளியே வர நேரம் கொடுக்கும்.

பாய்சான் விகிதம் எதற்கு? எங்கே பயன்படுகிறது?

ரப்பர் பட்டையை இழுங்கள், ஒல்லியாகும். நீளவாட்டில் நீண்டதற்கு அகலவாட்டில் எவ்வளவு ஒடுங்கியது என்கிற விகிதம்தான் அது. எஃகுக்குச் சுமார் 0.3, காங்கிரீட்டுக்கு 0.2 அளவில், ரப்பருக்கு ஏறக்குறைய 0.5. இந்த 0.5 என்றால் கன அளவு மாறவே மாறாது என்று பொருள். ரப்பரை மேலிருந்து அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்கியே ஆக வேண்டும், வேறு போக்கிடம் இல்லை.

நம் தாத்தா பாட்டி தோட்டத்தில் பால்மரம் சீவி எடுத்த அதே இயற்கை ரப்பர், 2014இல் திறந்த பினாங்கு இரண்டாம் பாலத்தில், தூணுக்கும் பாலத்தளத்துக்கும் நடுவே வைக்கும் தாங்கிகளில் இருக்கிறது. அங்கே ரப்பர் அடுக்குகளுக்கு நடுநடுவே எஃகுத் தகடுகளை வைத்து ஒட்டியிருப்பார்கள். தகடு ரப்பரைப் பிதுங்க விடாது. பிதுங்க முடியாத ரப்பர் கீழ்வாட்டில் கல் மாதிரி விறைப்பாகி, பாலத்தின் கனத்தைச் சுமக்கும். பக்கவாட்டில் தள்ளினால் மட்டும் மெத்தென்று நகரும், அதனால் நிலநடுக்க அதிர்வு மேலே முழுதாக ஏறாது. ஒரே பொருள், ஒரு திசையில் விறைப்பு, இன்னொரு திசையில் மென்மை. பாய்சான் விகிதம் வெறும் பரீட்சை எண் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

பெண்டிங் மொமென்ட் சூத்திரம் தெரியும். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை.

நாசி கண்டாரை எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்தில் பினாங்கில் நம் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் ஒரு தடியை வைத்து, ஒரு முனையில் சோறும் மறு முனையில் குழம்பும் தொங்கவிட்டு விற்றார்கள். சாப்பாட்டுக்குப் பெயர் வந்ததே அந்தச் சுமையால்தான். காவடியின் அடிப்படை வடிவமும் இதுவே.

ஒவ்வொரு முனையிலும் 20 கிலோ, தோளிலிருந்து முனை வரை 70 செ.மீ. என்று வைப்போம். முனைகள் தொங்கும், நடுவில் தடி கூனும். கூனும்போது மேல்பக்கம் நீள வேண்டும், கீழ்ப்பக்கம் சுருங்க வேண்டும். அதாவது மேல் நார்கள் இழுபடுகின்றன, கீழ் நார்கள் நசுங்குகின்றன. நடுவே ஓர் அடுக்கு நீளவும் இல்லை, சுருங்கவும் இல்லை. அதுதான் நியூட்ரல் ஆக்சிஸ், நடுநிலை அச்சு. தடியைத் தோளுக்குப் பக்கத்தில் மனத்தால் வெட்டுங்கள். வெளியே தொங்கும் துண்டு கீழே சுழலப் பார்க்கிறது: 196 நியூட்டன் பெருக்கல் 0.7 மீட்டர், 137 நியூட்டன் மீட்டர். அதைச் சுழல விடாமல் பிடித்திருப்பது மேலே உள்ள இழுப்பும் கீழே உள்ள அமுக்கமும் சேர்ந்த ஜோடி. இந்த ஜோடிதான் பெண்டிங் மொமென்ட். முனையில் அது சுழி, தோளில் உச்சம். 40 மி.மீ. உருண்டைத் தடி என்றால் தோளுக்கு மேலே விளிம்பில் தகைவு சுமார் 22 மெகாபாஸ்கல். தடி ஒடிந்தால் அங்கேதான் ஒடியும்.

நடு அச்சில் இருக்கும் மரம் கிட்டத்தட்ட சும்மா இருக்கிறது என்பதையும் பாருங்கள். மூங்கில் உள்ளே வெற்றாக இருந்தும் தாங்குவதும், இரும்பு உத்தரம் ஆங்கில 'ஐ' எழுத்து மாதிரி மேலும் கீழும் தடித்து நடுவில் மெலிந்திருப்பதும் இதே காரணம்தான்.

இனி ஓர் இரும்பு ஸ்கேலை எடுங்கள், 30 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன் என்று வைப்போம். படுக்கப் போட்டு வளையுங்கள், பிறகு செங்குத்தாக நிறுத்தி வளைக்கப் பாருங்கள். நிறுத்தினால் வலிமை 10 மடங்கு, விறைப்போ 100 மடங்கு. வலிமை ஆழத்தின் இருபடியில் ஏறுகிறது, விறைப்பு மும்படியில். ஒரே ஸ்கேல், ஒரே இரும்பு. வலிமையும் விறைப்பும் வேறு என்று மறுபடி சொல்கிறேன்.

காங்கிரீட்டில் கம்பி எப்போதும் அடியில்தானே வரும்?

இல்லை! இழுப்பு வரும் பக்கத்தில் வரும். காங்கிரீட் நசுக்கத்துக்குக் கெட்டி, இழுப்புக்கு அதில் பத்தில் ஒரு பங்குதான். இரண்டு முனையிலும் தாங்கிய உத்தரம் நடுவில் தொய்யும், அடி இழுபடும், கம்பி அடியில். ஒரு முனை மட்டும் சுவரில் பதிந்து நீட்டிக்கொண்டிருக்கும் கான்டிலீவரில் மேல்பக்கம் இழுபடும், முக்கியக் கம்பி மேலே.

புக்கிட் மெர்தாஜாமில் என் உறவினர் வீட்டு முகப்பில் ஒரு நீட்டுக்கூரை போட்டார்கள். வரைபடத்தில் கம்பி சரியாக மேலேதான் இருந்தது. காங்கிரீட் ஊற்றும் அன்று ஆட்கள் அந்தக் கம்பிகளின் மேலேயே மிதித்து நடந்தார்கள், கம்பி அடிக்குப் போய்விட்டது. கீழே கொடுத்திருந்த முட்டுகளை எடுத்த அன்றே சுவர் ஓரமாக மேல்பக்கத்தில் கோடு போட்டாற்போல் விரிசல். நல்லவேளை, கீழே யாரும் இல்லை. இடித்துவிட்டுத் திரும்பப் போட்டார்கள். கம்பியின் எண்ணிக்கை சரி, ரகம் சரி, இருந்த இடம்தான் 8 செ.மீ. தப்பு.

ஷியர், டார்ஷன் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஷியர் கத்தரிக்கோல் செய்வது. இரண்டு தகடுகளைப் போல்ட்டால் பூட்டி எதிரெதிராக இழுத்தால் போல்ட்டின் தண்டு குறுக்கே வெட்டுப்படப் பார்க்கும். 16 மி.மீ. போல்ட்டுக்குப் பரப்பு 201 சதுர மி.மீ. மூன்று தகடு சேர்ந்தால் இரண்டு இடத்தில் வெட்டுப்பட வேண்டும், ஆகவே பரப்பை இரண்டால் பெருக்க வேண்டும். பரீட்சையில் இதை மறக்கிறார்கள்.

டார்ஷன் ஈரத்துணியைப் பிழிவது மாதிரி முறுக்குவது. ஒரு சாக்பீஸை இரண்டு கையிலும் பிடித்து மெல்ல முறுக்குங்கள். நேராக ஒடியாது, 45 டிகிரியில் திருகாணி மாதிரிச் சுற்றி ஒடியும். முறுக்கும்போது சாய்ந்த திசையில் இழுப்பு உண்டாகிறது, இழுப்புக்குச் சோப்ளாங்கியான சாக்பீஸ் அந்தத் திசைக்குக் குறுக்கே பிரிகிறது. மென் எஃகுத் தண்டை முறுக்கினால் குறுக்கே நேராக வெட்டினாற்போல் அறும், ஏனென்றால் அது முதலில் தோற்பது ஷியரில். எந்தச் சாய்வில் வெட்டினால் எவ்வளவு தகைவு என்று காட்டும் மோர் வட்டம் புரியவில்லை என்பவர்கள் அந்த இரண்டு ஒடிவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வட்டத்தை வரையுங்கள்.

நீளமான தூண் ஏன் நசுங்காமல் பக்கவாட்டில் வளைகிறது?

சாத்தே குச்சி ஒன்றை மேசையில் நட்டு விரலால் அமுக்குங்கள். நசுங்குவதற்கு வெகு முன்பே பக்கவாட்டில் வில்லாகிவிடும். இது பக்லிங், நெளிவு. அதைப் பாதியாக ஒடித்து மறுபடி அமுக்குங்கள், விரல் வலிக்கும். நீளம் பாதியானால் தாங்கும் சுமை நான்கு மடங்கு. 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் கண்ட சூத்திரம் இது: பை இருபடி, யங் குணகம், குறுக்குவெட்டின் 'ஐ' (வடிவம் வளைவை எவ்வளவு எதிர்க்கும் என்று சொல்லும் எண்) மூன்றையும் பெருக்கி, நீளத்தின் இருபடியால் வகுப்பது. அந்தச் சூத்திரத்தில் வலிமை எங்கேயாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லவே இல்லை. மெல்லிய நீளத் தூணுக்கு உயர்ரக எஃகு போட்டு ஒரு பலனும் இல்லை. நீளத்தைக் குறைக்க வேண்டும், அல்லது நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் கொடுக்க வேண்டும். சாரம் கட்டுகிறவர்கள் சூத்திரம் படிக்காமலே இதைச் செய்கிறார்கள்.

வெயிலில் விரிவதால் தகைவு வருமா?

விரிய விட்டால் வராது, தடுத்தால் வரும். பினாங்குப் பாலத்தில் காரில் போகும்போது 'டக், டக்' என்று கேட்பது விரிவு இணைப்புகள்தான். 100 மீட்டர் காங்கிரீட் 15 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 15 மி.மீ. நீளும், அதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். இரண்டு முனையையும் அசையாமல் பிடித்த எஃகுக் கம்பி 20 டிகிரி சூடேறினால் 48 மெகாபாஸ்கல் அமுக்கம் வரும், கம்பி ஒரு மீட்டராக இருந்தாலும் நூறு மீட்டராக இருந்தாலும். இரட்டைக் கோபுரத்தின் 41, 42ஆம் மாடி வான்பாலமும் இரண்டு பக்கமும் இறுகப் பூட்டியதல்ல. கோபுரங்கள் தனித்தனியாக ஆடுவதால் முனைகள் வழுக்க விட்டிருக்கிறார்கள்.

சுமையைக் கூட்டியும் வலிமையைக் குறைத்தும் கணக்கிடும் பாதுகாப்புக் காரணி ஏன்? கணக்கு சரியாக இருந்தால் போதாதா?

கணக்கு சரியாக இருக்கும், சுமை சொன்னபடி இருக்காது. 1988 ஜூலை 31 அன்று பட்டர்வொர்த் படகுத்துறையில் திருவிழாக் கூட்டம் நெரிந்த நேரத்தில் நடைமேடை இடிந்து விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். என் வயதுக்காரர்கள் வீட்டில் இந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தோம். கூட்டம் கூடும் இடத்துக்குச் சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன் என்று சாதாரணமாகப் போடுவோம். அதாவது 70 கிலோ ஆட்கள் ஏழு பேர். ஒரு சதுர மீட்டரில் ஏழு பேர் எங்கே நிற்பார்கள் என்று கேட்கும் மாணவரிடம், தைப்பூசத்தன்று தண்ணீர்மலை கோவில் வாசலுக்கு ஒருமுறை போய் வா என்பேன்.

யூரோகோட் என்கிற ஐரோப்பியக் கட்டுமான விதிமுறையில் கட்டடத்தின் சொந்த எடையை 1.35ஆலும் மாறும் சுமையை 1.5ஆலும் பெருக்குகிறோம், பொருளின் வலிமையைத் தனியாகக் குறைக்கிறோம். சொந்த எடை அளந்து தெரிந்தது, மனிதக் கூட்டம் தெரியாதது. அதனால்தான் அதற்குப் பெரிய எண்.

ஈல்டுக்குக் கீழேயே இருந்தும் சில சமயம் உடைகிறதே?

அது களைப்பு, ஃபட்டீக். ஒருமுறை தாங்கும் சுமை பத்து லட்சம் முறை வந்து போனால் கீறல் பிறக்கும், மெல்ல வளரும். எஃகுக்கு ஓர் அடிவரம்பு உண்டு, அதற்குக் கீழே எத்தனை முறை வந்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. கீறல் பிறப்பது பெரும்பாலும் ஓட்டையிலும் கூர்மூலையிலும். அகலத் தகட்டில் ஒரு சின்ன வட்ட ஓட்டை போட்டாலே அதன் விளிம்பில் தகைவு மூன்று மடங்கு. கெரொப்போக் பாக்கெட்டை இழுத்துப் பாருங்கள், பிரியாது. ஓரத்தில் பல்லால் சின்ன வெட்டு போட்டால் சட்டென்று கிழியும், அதே கதைதான். 1954இல் இரண்டு காமெட் விமானங்கள் வானத்தில் சிதறியதும் கூண்டின் வெட்டுமூலைகளில் தொடங்கிய களைப்புக் கீறலால்.

எவ்வளவு படித்தாலும் பரீட்சையில் யூனிட்டில் மார்க் போகிறது. என்ன செய்வது?

நியூட்டன், மில்லிமீட்டர், மெகாபாஸ்கல். இந்த மூன்றையும் விட்டு வெளியே போகாதீர்கள். எஃகின் யங் குணகத்தை 200 என்று எழுதாமல் 2,00,000 மெகாபாஸ்கல் என்று எழுதுங்கள். சென்ற பருவத்தில் ஒரு தம்பி முதல் கேள்வியில் வந்த அதே கம்பிக்கு 200ஐ அப்படியே போட்டு வகுத்து, 3 மீட்டர் கம்பி 2.6 மீட்டர் நீண்டதாக விடை எழுதி அடியில் இரட்டைக் கோடும் போட்டிருந்தார். சூத்திரம் சரி, படிகள் சரி. விடையைப் பார்த்ததும் கம்பியை மனக்கண்ணில் ஒருதரம் பார்த்திருந்தால் அவரே கண்டுபிடித்திருப்பார். ஆகவே ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் திரிபு எவ்வளவு என்று பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள். இளகாத எஃகில் அது ஆயிரத்தில் ஒன்றிரண்டைத் தாண்டினால் முந்தின வரிக்குத் திரும்பிப் போங்கள்.